பட்டியல் அசையாத வாரங்கள்: கேள்வி பதில்

வானொலிப் பாட்டு வரிசையில் முதலிடம் மாறாமல், புதுப்பாட்டு ஏறாமல் ஒரு கிழமை மந்தமாகப் போனால் அதற்குப் பின்னால் என்ன நடந்திருக்கும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நேயர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கல்லடி: அண்ணே, வரிசை அப்படியே நின்றால் அந்த வாரம் சனங்களுக்குப் புதுப்பாட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பல தடவை அப்படி இல்லை தம்பி. எண்ணுகிறவர் அந்த வாரம் வேலைக்கு வந்தாரா என்று முதலில் பாருங்கள். வாராவாரம் நூறு பாட்டு வரிசை போடும் அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகை 1970களின் நடுப்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை ஆண்டின் கடைசி வாரத்தில் இதழே போடவில்லை. நத்தார் விடுமுறை. ஆனால் இதழ் வராத அந்த வாரமும் கணக்கில் சேரும். முந்திய வாரத்து நூறு பாட்டும் அதே அதே இடத்தில் நிற்கும். நத்தாருக்கு முதலிடத்தில் இருந்த பாட்டுக்கு ஒரு வாரம் இனாம்.

அந்தப் பட்டியலை வைத்து நடந்த 'அமெரிக்கன் டாப் 40' வானொலி நிகழ்ச்சி என்ன செய்தது? பழைய வரிசையை மறுபடி வாசிக்காமல், ஆண்டு முழுவதுக்குமான பெரிய பட்டியலை அந்த நாட்களில் ஒலிபரப்பியது. கெட்டிக்காரத்தனம்தான்.

காத்தான்குடி: இரண்டாம் இடத்திலேயே தவம் கிடந்த பாட்டு எது?

பாரினர் குழுவின் 'வெயிட்டிங் ஃபோர் எ கேர்ள் லைக் யூ'. 1981 நவம்பர் 28ஆம் திகதிப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. மேலே ஒலிவியா நியூட்டன்-ஜோனின் 'பிசிக்கல்' அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒன்பது வாரம் அதன் காலடியிலேயே. 1982 ஜனவரி 30இல் ஒருவழியாகப் 'பிசிக்கல்' இறங்கியது. சரி, இனி நம்முடைய முறை என்று பாரினர் ரசிகர்கள் காத்திருக்க, ஹோல் அண்ட் ஓட்ஸ் கீழேயிருந்து தாவி முதலிடத்தைப் பிடித்துவிட்டார்கள். பத்தாவது வாரமும் இரண்டாம் இடம். அதோடு இறக்கம். நான் மேலே சொன்ன ஆண்டுக் கடைசி வாரமும் அந்தப் பத்துக்குள் ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

இருபது வருடம் கழித்து மிஸ்ஸி எலியட்டின் 'வர்க் இட்' பாட்டுக்கும் இதே கதி. 2002 கடைசியிலிருந்து 2003 தொடக்கம் வரை பத்து வாரம். மேலே எமினெம். ஆனால் பாரினருக்கு நடந்ததுபோல் கடைசி நேரத்தில் யாரும் வழி மறிக்கவில்லை, அதனால் எனக்கு இதில் அவ்வளவு பரிதாபம் இல்லை.

களுவாஞ்சிகுடி: ஐயா, 1978 சூறாவளி நேரத்தில் நாங்கள் ஒரு பாட்டும் கேட்கவில்லை. அந்த வாரம் அங்கே என்ன ஓடியது?

நவம்பர் 23ஆம் திகதி இரவை நம்முடைய பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தென்னை விழுந்து, மின்கம்பி அறுந்து கிடந்த அந்தக் கிழமை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் டோனா சமரின் 'மக்ஆர்தர் பார்க்' மூன்றாவது வாரமாக இருந்தது. மந்தமான வாரம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பாருங்கள், கூத்து. டிசம்பர் 2இல் பார்பரா ஸ்ட்ரைசண்டும் நீல் டயமண்டும் சேர்ந்து பாடியது முதலிடம். அடுத்த வாரம் ஷீக் குழுவின் 'ல ஃப்ரீக்'. அதற்கடுத்த வாரம் மறுபடி ஸ்ட்ரைசண்ட். அப்புறம் மறுபடி ஷீக். நம்முடைய வீடுகளில் பட்டரியை வெயிலில் காயவைத்து, இருக்கிற கொஞ்ச உயிரையும் செய்தி கேட்பதற்கென்று மிச்சம்பிடித்த நாட்கள் அவை.

அதற்குச் சற்று முன்பு, ஒக்டோபரில்தான் 'அமெரிக்கன் டாப் 40' மூன்று மணித்தியாலத்திலிருந்து நான்கு மணித்தியாலமானது. பாட்டுகள் நீண்டுபோனதால் நாற்பதையும் மூன்று மணித்தியாலத்துக்குள் அடக்க முடியவில்லை.

அக்கரைப்பற்று: அதே நாற்பது பாட்டு திரும்பத் திரும்ப வந்தால் அறிவிப்பாளர் எதைப் பேசுவார்?

இதுதான் என்னுடைய மனசுக்குப் பிடித்த கேள்வி. 1970 ஜூலை 4ஆம் திகதி வார இறுதியில் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கிய கேசி கேசம் ஒரு கதைசொல்லி. பாடகரின் பெயரைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையில் ஒரு துண்டை எடுத்துவிடுவார். விளம்பரம் போகும். திரும்பி வந்துதான் பெயர். பாட்டு அதே இடத்தில் நின்றாலும் கதை புதிதாக இருந்தால் போதும். 1978இல் நேயர் கடிதம் வாசித்துத் தூரத்தில் இருக்கிறவருக்குப் பாட்டைச் சமர்ப்பணம் செய்யும் பகுதியும் சேர்ந்தது. நம்முடைய 'நேயர் விருப்பம்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் உண்மையில் கஷ்டப்பட்டவர்கள் அவருக்கு முந்தியவர்கள். 1935இல் அமெரிக்க வானொலியில் தொடங்கிய 'யுவர் ஹிட் பரேட்' நிகழ்ச்சியில் இசைத்தட்டுப் போடுவதில்லை. நிலையப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நேரடியாகவே பாட வேண்டும். ஒரு பாட்டு மாதக்கணக்கில் இறங்காவிட்டால் அதே ஆட்கள் அதே பாட்டைக் கிழமைக்குக் கிழமை பாட வேண்டியதுதான். தொலைக்காட்சிக்குப் போன பிறகு இன்னும் மோசம். பாட்டு பழையது, ஆனால் ஒவ்வொரு வாரமும் புதுக் காட்சி அமைக்க வேண்டும்.

வாழைச்சேனை: பாட்டே இல்லாமல் பட்டியல் தடுமாறிய காலம் உண்டா?

உண்டு. 1941, அமெரிக்காவில். பாட்டெழுதுகிறவர்களின் உரிமைச் சங்கமான அஸ்காப்பும் வானொலி நிறுவனங்களும் கட்டணத்தில் முட்டிக்கொண்டன. ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து பெரிய வானொலிகள் அந்தச் சங்கத்துப் பாட்டு எதையும் போடவில்லை. அன்றைய பேர்போன பாட்டுகளில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் உரிமைக் காலம் முடிந்த 19ஆம் நூற்றாண்டுப் பாட்டுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1864இலேயே இறந்துபோன ஸ்டீபன் ஃபோஸ்டரின் பாட்டுகள் வானொலியில் ஓயாமல் ஒலித்தன. ஒக்டோபர் கடைசியில்தான் சமரசம் வந்தது. அந்த மாதங்களின் வரிசையைப் பார்த்து 'அன்றைய சனங்களின் ரசனை' என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன்.

ஏறாவூர்: முதலிடத்தைப் பங்குபோட்ட வாரம் உண்டா?

உண்டு ராத்தா. பிபிசி ஒரு காலத்தில் சொந்தமாக எண்ணாமல், பல சஞ்சிகைகளின் பட்டியல்களைக் கூட்டிச் சராசரி போட்டது. 1968 ஆகஸ்டில் அந்தக் கணக்கில் மூன்று பாட்டு ஒன்றாக முதலிடத்துக்கு வந்துவிட்டன. அந்த வெட்கத்துக்குப் பிறகு, 1969இல் ஒழுங்கான கணக்கெடுப்புத் தொடங்கியது. பிரிட்டனின் முதல் பட்டியலிலும் வேடிக்கை உண்டு. 1952 நவம்பர் 14இல் வந்த அந்த 'முதல் 12' பட்டியலில் இருந்தவை 15 பாட்டு. சமநிலை வந்ததைப் பிரிக்காமல் அப்படியே போட்டுவிட்டார்கள்.

சம்மாந்துறை: தபால் நின்றால் பட்டியலும் நிற்குமா?

நின்றிருக்கிறது. அந்த 1969 ஏற்பாட்டில் இசைத்தட்டுக் கடைக்காரர்கள் விற்பனையைக் குறிப்பேட்டில் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். 1971 ஜனவரி 20 முதல் மார்ச் வரை பிரிட்டனில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். தனிப்பாட்டுக் கணக்கைத் தொலைபேசியில் ஒருமாதிரி ஒப்பேற்றினார்கள், இசைத்தொகுப்புப் பட்டியல்தான் நின்றுபோனது.

நம்முடைய கொழும்பு வானொலியிலிருந்து போன இந்தி நிகழ்ச்சி 'பினாக்கா கீத்மாலா'வும் தபாலை நம்பியே எழும்பியது. 1952 டிசம்பர் 3இல் தொடக்கம், புதன்கிழமை இரவு 8 மணி. அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்ய, நாடா விமானத்தில் கொழும்புக்கு வரும். தொடக்கத்தில் அரை மணித்தியாலம், ஏழே பாட்டு. வரிசைப்படுத்துவது நேயர் வேலை. 1954இல்தான் ஒரு மணித்தியாலமாகி, உண்மையான வரிசை நிகழ்ச்சியானது. கடை விற்பனையை மட்டும் நம்பினால் படக்காரர்களே இசைத்தட்டை மொத்தமாக வாங்கிக் கணக்கைக் குழப்பலாம் என்பதால் நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்தார்கள். நெடுநாள் நகராத பாட்டுக்கு ஒரு பட்டம் கொடுத்து மரியாதையாக ஓய்வும் கொடுத்தார்கள். மந்த வாரத்துக்கு இதைவிட நாகரிகமான மருந்து நான் பார்த்ததில்லை.

கல்முனை: தமிழ்ப் பாட்டு வரிசையில் மந்தம் எப்போது வரும் சேர்?

படம் வராதபோது. நம்முடைய வரிசைகள் பெரும்பாலும் சினிமாப் பாட்டு வரிசைகள்தானே. பொங்கல், சித்திரை, தீபாவளியை ஒட்டிப் பாட்டுகள் வந்து குவியும். இடையில் வறட்சி. நல்ல உதாரணம் 2018. திரையரங்குகளுக்கு டிஜிட்டல் முறையில் படம் அனுப்பும் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் மார்ச் 1 முதல் புதுப்படங்களை நிறுத்தியது. ஏப்ரல் நடுப்பகுதி தாண்டியும் இழுபட்டது. சென்னையில் நடந்த பிணக்குக்குக் கல்முனையில் இருக்கிற நேயர் ஏன் பழைய பாட்டையே கேட்க வேண்டும் என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொத்துவில்: இப்போது எல்லாம் கணினி எண்ணுகிறது. மந்தம் குறைந்திருக்க வேண்டுமே?

கூடியிருக்கிறது தம்பி. பில்போர்ட் பட்டியலுக்கு 1991 நவம்பர் வரை கடைக்காரரும் வானொலிக்காரரும் தொலைபேசியில் சொன்னதே கணக்கு. போன கிழமை சொன்ன பாட்டையே இந்தக் கிழமையும் சொல்ல அவர்களுக்கு அலுப்பு, புதிதாக வந்ததைத் தூக்கிச் சொல்வார்கள். கடையில் பட்டைக் குறியீட்டையும் வானொலியில் ஒலிபரப்பையும் இயந்திரம் நேரடியாக எண்ணத் தொடங்கியதும், சனங்கள் ஒரே பாட்டை எவ்வளவு நாள் விடாமல் கேட்கிறார்கள் என்பது வெளியே வந்துவிட்டது. 1995இல் மரையா கேரியும் பாய்ஸ் டூ மென்னும் பாடிய 'வன் ஸ்வீட் டே' 16 வாரம் முதலிடம். 2019இல் 'ஓல்ட் டவுன் ரோட்' 19 வாரம். 20 வாரம் கடந்த பாட்டு 50ஆம் இடத்துக்குக் கீழே போனால் தூக்கிவிடும் விதியைப் பில்போர்ட் நெடுங்காலம் வைத்திருந்ததும் இதனால்தான். அந்த விதி இல்லாவிட்டால் புதுப்பாட்டுக்கு உள்ளே நுழைய இடமே கிடைத்திருக்காது.