எத்னிக் ஸ்டடீஸ் டீச்சர் வேலை: ஃப்ரீமான்ட்டில் இருந்து கேட்ட ஓர் அம்மாவுக்கு

"என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், எத்னிக் ஸ்டடீஸ் படித்து ஸ்கூல் டீச்சர் ஆகப்போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறதம்மா. அமெரிக்காவின் பல இனத்தவரின் வரலாற்றையும் அனுபவத்தையும் சொல்லும் அந்த ஒரு பாடத்தை மட்டும் நம்பி இறங்கினால்தான் சிக்கல்.

உங்கள் மகள் 2021-ல் வந்த கலிஃபோர்னியா சட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். 2030-ல் ஹைஸ்கூல் முடிப்பவர்கள் முதல் எல்லோரும் ஒரு செமஸ்டர் எத்னிக் ஸ்டடீஸ் படித்தாக வேண்டும் என்றது அது. ஆனால் மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் கட்டாயம் என்று அதிலேயே ஒரு நிபந்தனை உண்டு. 2025-26 பட்ஜெட்டில் பணம் வரவில்லை. ஆக, நடத்துவதும் நிறுத்துவதும் இப்போது அந்தந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) விருப்பம். அரிசோனாவின் டூசான் நகரில் மெக்சிகன் அமெரிக்கப் பாடத்தை 2012-ல் நிறுத்தினார்கள். அதற்குக் காரணமான சட்டத்தைப் பயன்படுத்தியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2017-ல் ஃபெடரல் கோர்ட் சொன்னது. நல்ல தீர்ப்புதான், ஆனால் ஐந்து வருடம் சம்பளமில்லாமல் யார் காத்திருப்பது?

அதனால் கூடவே வரலாற்றையும் மேஜராக எடுக்கச் சொல்லுங்கள். ஹைஸ்கூலில் எத்னிக் ஸ்டடீஸ் நடத்துபவர்கள் பெரும்பாலும் சோஷியல் சயின்ஸ் கிரெடென்ஷியல் (மாநிலம் தரும் ஆசிரியர் உரிமம்) வைத்திருப்பவர்கள். இரண்டு பீரியட் எத்னிக் ஸ்டடீஸ், மீதி அமெரிக்க வரலாறோ உலக வரலாறோ என்றுதான் பிரின்சிபால் கொடுப்பார். ஆள்குறைப்பு வந்தால் மார்ச் 15-க்குள் நோட்டீஸ் வரும், முதலில் புதியவர்களுக்கு. அப்போது வேறு பாடம் நடத்தத் தகுதி இருப்பது கைகொடுக்கும். சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது. டிஸ்ட்ரிக்டின் சம்பள அட்டவணை இணையத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

எந்த வயதுப் பிள்ளைகள் என்பதையும் அவள் இப்போதே யோசிக்க வேண்டும். எலிமென்டரி என்றால் மல்டிபிள் சப்ஜெக்ட் கிரெடென்ஷியல். கணக்கு, வாசிப்பு, அறிவியல் எல்லாம் அவள் தலையில்தான். எத்னிக் ஸ்டடீஸுக்குத் தனி பீரியட் கிடைப்பது அபூர்வம், கதை நேரத்தில் நுழைக்க வேண்டியதுதான். 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற எட்டு வயதுச் சீனப் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் இதைச் சொன்னால், "ஏன் மிஸ்?" என்று பத்து கை தூக்கும். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லப் பிடிக்குமா? பதினோராம் வகுப்பில் அதே வழக்கு வேறு மாதிரி போகும்: 1885-ல் குடும்பம் கோர்ட்டில் ஜெயித்தும், பள்ளி நிர்வாகம் சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்து எப்படித் தப்பித்தது, சட்டம் அதற்கு எப்படி இடம் கொடுத்தது என்று வாதாட வேண்டும்.

இன்னொன்று. நம் ஆட்களின் கதையைச் சொல்லத்தான் போகிறாள் என்று நீங்களும் நினைக்க வேண்டாம், அவளும் நினைக்க வேண்டாம். கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கர்கள் என்று நான்கு பெரும் பகுதிகள். இந்தியர் வருவது கடைசியில் ஒரு ஓரம்தான். 1965-ல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான ஃபிலிப்பினோக்கள், மெக்சிகன் அமெரிக்கத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் சங்கம் பிறகுதான் சேர்ந்தது என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும்.

இந்த வாரம் எட்ஜாயின் என்ற பள்ளி வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து, உங்கள் பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளின் ஆசிரியர் விளம்பரங்களில் எந்த கிரெடென்ஷியல் கேட்கிறார்கள் என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மேஜரை முடிவு செய்யலாம்.