அழியாமல் அடம்பிடிக்கும் கோப்புகள்: லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: ஓர் அடைவில் தற்காலிகக் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்துவிட்டன. பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளை கொடுத்தால் திரை அசைவதில்லை. அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையுடன், எல்லாப் பெயர்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டால் ‘பட்டியல் மிக நீளம்’ என்று பிழை வருகிறது.

பதில்: எல்லாப் பெயர்களையும் திரட்டி வரிசைப்படுத்திய பிறகே எல்எஸ் முதல் வரியைக் காட்டும். நட்சத்திரக் குறியைப் பெயர்களாக விரிப்பதோ, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் வேலை. விரிந்த பட்டியல், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏற்கும் அளவை மீறினால் ஆர்எம் தொடங்கவே தொடங்காது. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையை ‘-டெலீட்’ (-delete) தேர்வுடன் ஓட்டுங்கள். அது பெயர்களைப் படிக்கப் படிக்க அழித்துக்கொண்டே போகும். ஆனால் ‘-டெலீட்’ கடைசியில்தான் வர வேண்டும். நிபந்தனைக்கு முன்னால் எழுதிவிட்டால் அடைவில் உள்ள அனைத்தும் போய்விடும். முதலில் அந்த இடத்தில் ‘-பிரிண்ட்’ போட்டு, எவை சிக்குகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: எக்ஸ்ட்-4 (ext4) கோப்பு முறைமையில் அடைவு ஒருமுறை பெருத்தால், கோப்புகள் போன பிறகும் பொதுவாக இளைப்பதில்லை. காலியான அடைவே மெதுவாகத் திறந்தால் அதை நீக்கிவிட்டு, அதே உரிமையாளர், அதே அனுமதிகளுடன் புதிதாக உருவாக்குங்கள்.

கேள்வி: ஆர்எம் பாதியில் நின்றுவிட்டது. நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கில் -9 (kill -9) கொடுத்தும் போகவில்லை. இன்னொரு ஆர்எம் ஓட்டினேன், அதுவும் நின்றுவிட்டது.

பதில்: மூன்றாவது வேண்டாம். பெயரை நீக்கும்போது கெர்னல் அந்த அடைவைப் பூட்டுகிறது. முதல் ஆர்எம் பூட்டை விடும்வரை பின்னால் வருபவை வரிசையில் நிற்கும்.

ஓடும் நிரல்களைப் பிஎஸ் (ps) கட்டளை காட்டும் பட்டியலில் நிரலின் நிலையைப் பாருங்கள். ‘டி’ (D) என்றிருந்தால் அது கெர்னலுக்குள், பெரும்பாலும் வட்டின் அல்லது சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கில் பலிக்காததற்கு அதுவே காரணம். அடுத்து கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) பதிவைப் படியுங்கள். ‘120 நொடிகளுக்கு மேல் தடைப்பட்டுள்ளது’ என்ற செய்தி அறிகுறி மட்டுமே. காரணம் பல நேரங்களில் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கும். அங்கே வட்டின் பெயரோடு உள்ளீடு-வெளியீட்டுப் பிழை தெரிந்தால் வட்டையோ கேபிளையோ சந்தேகியுங்கள். வட்டின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) அறிக்கையில் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், முதல் வேலை தரவை வேறு வட்டுக்கு நகலெடுப்பதுதான், அழிப்பதெல்லாம் பிறகு. மவுண்ட் ஆகி (இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில்) இருக்கும் கோப்பு முறைமையின் மீது எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டிப் பழுதுபார்க்க முயலாதீர்கள். நல்ல நிலையில் இருப்பதையும் அது சிதைத்துவிடக்கூடும்.

பிழை ஏதும் இல்லை, அடைவு என்எஃப்எஸ் (வேறு கணினியின் கோப்புகளை நெட்வொர்க்கில் தரும் முறை) வழியாக வருகிறது என்றால் சர்வரையும் நெட்வொர்க்கையும் சரிபாருங்கள். ‘ஹார்ட்’ மவுண்ட் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கும். சர்வர் மீண்டதும் வேலை தொடரும். இதற்காக, சில முறை கேட்டுவிட்டுப் பிழை சொல்லிக் கைவிடும் ‘சாஃப்ட்’ முறைக்கு மாறச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போக அது வழிவிடும்.

கேள்வி: பெரிய லாக் கோப்பை அழித்தேன். வட்டின் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை பழைய அளவையே காட்டுகிறது.

பதில்: போனது பெயர் மட்டும். ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை ‘+எல்1’ (+L1) தேர்வுடன் ஓட்டினால் எது என்று தெரியும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும்.

கேள்வி: ஒரே கோப்பு, 200 ஜிபி. அழிக்க ஏன் இத்தனை நேரம்?

பதில்: எக்ஸ்ட்-4-க்கு முந்தைய கோப்பு முறைமையான எக்ஸ்ட்-3 என்றால் வியப்பில்லை. 4 கேபி தொகுதி ஒவ்வொன்றின் முகவரியையும் அது தனித்தனியே குறித்து வைக்கிறது. 200 ஜிபிக்கு முகவரிகள் மட்டுமே ஏறத்தாழ 200 எம்பி. அதுவும் வட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். அழிக்கும்போது அத்தனையையும் படித்தாக வேண்டும். 2008-இல் வந்த கெர்னல் 2.6.28-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4, தொடர்ச்சியான 128 எம்பி வரை ஒரே குறிப்பில் அடக்கிவிடுகிறது. எக்ஸ்ட்-4 வைத்தும் எஸ்எஸ்டி திணறினால், மவுண்ட் தேர்வுகளில் ‘டிஸ்கார்ட்’ (அழித்த இடத்தை உடனுக்குடன் எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, அதே வேலையை வாரம் ஒருமுறை மொத்தமாகச் செய்யும் எஃப்எஸ்டிரிம் (fstrim) டைமரை இயக்குங்கள்.