கோ-4 புல் மட்டும் போட்டால் முயல் குட்டிகள் எடை ஏறுமா?

உயிரோடு இருக்கும், எடை சரியாக ஏறாது. காரணத்தைச் சொல்கிறேன்.

பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். குட்டி 100 கிராம் கோ-4 தின்றால் உள்ளே போகும் காய்ந்த சத்து சுமார் 20 கிராம். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் வகைப் புல்லின் காய்ந்த சத்தில் புரதம் 8 முதல் 10 சதவீதம் என்பதால் கிடைப்பது அதிகபட்சம் 2 கிராம்தான். அதே 100 கிராம் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனத்தைப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைக்கும். வளரும் குட்டிக்குத் தீவனத்தில் 16 சதவீதம் புரதமாவது வேண்டும். மாடு மாதிரி கூடை கூடையாகத் தின்று ஈடுகட்ட அதற்கு வயிறு ஏது?

அப்புறம், புல்லை எப்போது அறுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முற்றிய கோ-4 போட்டால் ராத்திரி முழுக்க இலையை மட்டும் உருவித் தின்றிருக்கும், காலையில் கூண்டுக்குள் விரல் தடிமன் தண்டுகள் கிடக்கும். வேலிமசால் என்ற இன்னொரு பயறுவகைத் தீவனத்தில் கொழுந்து, இலை, இளந்தண்டு எல்லாம் காலியாகிவிடும். தண்ணீர் வசதி இருந்தால் குதிரைமசால், இல்லாவிட்டால் வேலிமசால், மானாவாரிச் செம்மண் என்றால் முயல் மசால். வரப்பில் நாலு அகத்தி. என் ஓட்டு வேலிமசாலுக்கு. ஒருமுறை விதைத்தால் வருஷக்கணக்கில் அறுக்கலாம்.

சூபாபுல் என்ற மரத்தின் தழையிலும் புரதம் அதிகம்தான். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, அளவு மீறினால் ரோமம் கொட்டும், வளர்ச்சியும் நின்றுவிடும். மற்ற தழையோடு கொஞ்சமாகக் கலந்து போடுங்கள், போதும்.

அதற்காகப் புல்லை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். நார்ச்சத்து குறைந்தால் முயலுக்குக் கழிச்சல் வந்துவிடும். பாதி இளம்புல், பாதி மசால், கூடவே கொஞ்சம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்குக் கலவை) என்று வைத்தால் நியூசிலாந்து வெள்ளை இனக் குட்டி மூன்று மாதத்தில் 2 கிலோவை ஒட்டி வரும். பசுந்தீவனம் மட்டும் என்றால், அது நல்ல மசாலாகவே இருந்தாலும், இன்னும் சில வாரம் கூடுதலாகப் பிடிக்கும்.

காலையில் அடர்தீவனம், சாயங்காலம் தழை. முயல் ராத்திரியில்தான் அதிகம் மேயும். பனியோ மழையோ பட்ட தழையை அப்படியே போடாமல் நிழலில் வாடவிட்டுப் போடுங்கள். புல்லிலிருந்து மசாலுக்கு மாறும்போது முதல் நாள் ஒரு கைப்பிடியில் தொடங்கி, ஒரு வாரத்தில் பாதியளவுக்குக் கொண்டுவந்தால் சரி.