60 வயதுக்கு மேல் குவில்டிங் (துணி அடுக்குகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் கலை) கற்றுக்கொண்டால் மனநிறைவு கிடைக்குமா? மெஷின், கருவிகள் எல்லாம் வாங்கினால் வீண் செலவாகிவிடுமா?

மனநிறைவு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. மெஷின் வேண்டாம். நீங்கள் அண்மையில் ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளியூரில், கையில் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும். முதல் போர்வைக்கு ஊசி, கெட்டியான பருத்தி நூல், நல்ல கத்தரிக்கோல், பீரோவில் கிடக்கும் பழைய பருத்திப் புடவைகள், இவ்வளவுதான் தேவை.

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு மராட்டி ஆஜியிடம் (ஆஜி என்றால் பாட்டி) கோதடி என்ற அவர்கள் ஊர் குவில்ட் தைக்கக் கற்றேன். பழைய புடவைகளை அடுக்கடுக்காக விரித்து, மேலே துண்டுத் துணிகளை வைத்து, எல்லா அடுக்கும் பிடிக்கும்படி கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போனால் அது கோதடி. உள்ளே பஞ்சு கிடையாது. மும்பைக் குளிருக்கு அது தாராளம். ஆஜியின் கணவர் பரேலில் துணி மில் தொழிலாளி. 1982 மும்பை மில் வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்களே, அதில் அவரும் ஒருவர். அப்போது அக்கம்பக்கத்துக்குக் கோதடி தைத்துக் கொடுத்துத்தான் ஆஜி அடுப்பு எரித்தாராம். அதனால் இதைப் பொழுதைப் போக்கும் சமாசாரமாக அவர் என்றைக்கும் பேசியதில்லை. தையல் கோணினால் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

அவர் முதலில் என் கையில் ஊசியே கொடுக்கவில்லை. துண்டுகளைத் தரையில் பரப்பி, இரண்டு நாள் அப்படியே விட்டு, போகும்போதும் வரும்போதும் பார்க்கச் சொன்னார். கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் நிற்குமா, புடவைக் கரையை ஓரத்தில் கொடுப்பதா நடுவில் ஓடவிடுவதா, எல்லாம் நான்தான் முடிவு செய்ய வேண்டும். வேலைக்குப் போன காலம் முழுக்க மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். வீட்டில் என்ன சமையல் என்பதைக்கூட மற்றவர்கள் நாக்குதான் தீர்மானித்தது. ஒரு பொருளின் முதல் துண்டிலிருந்து கடைசி முடிச்சு வரை என் முடிவாக இருந்தது கோதடியில்தான். நிறைவு என்று நான் சொல்வது இதைத்தான்.

மதுரைச் சுங்குடி இதற்கென்றே நெய்த மாதிரி. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், ஊசி வழுக்கிக்கொண்டு போகும். செட்டிநாட்டுக் கண்டாங்கி அழகுதான், ஆனால் நாலு அடுக்கு சேர்ந்தால் விரல் நொந்துவிடும். அதை மேலே துண்டாக மட்டும் வையுங்கள். சிந்தெட்டிக் வேண்டவே வேண்டாம். புதுத்துணி தேவைப்பட்டால் மும்பைத் துணிச்சந்தையான மங்கள்தாஸ் மார்க்கெட்டில் பாப்ளின் பருத்தித் துணி வாங்கி, வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும்.

இந்த வயதில் கண்ணும் மூட்டும் தாங்குமா என்று சிலர் வருவார்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் தைக்கிறேன், நடுவிரலில் ஊசி குத்தாமல் காக்கும் அங்குஸ்தான் உறை மாட்டிக்கொள்கிறேன், அவ்வப்போது எழுந்து நடக்கிறேன். மூட்டுவாதம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஞாபகமறதிக்கு மருந்து என்று இதைப் பரப்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. டெக்சாஸில் டெனிஸ் பார்க் என்பவரின் குழு 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களைப் பிரித்து, சிலருக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, சிலருக்கு குவில்டிங், சிலருக்கு இரண்டும் 3 மாதம் கற்றுக்கொடுத்துப் பார்த்தது. 2014இல் முடிவு வெளிவந்தது. நினைவாற்றல் நன்றாகத் தேறியது போட்டோகிராபி கற்றவர்களுக்குத்தான். குவில்டிங் மட்டும் கற்றவர்களுக்கு அந்த அளவு இல்லை. இருக்கட்டும். நான் நினைவாற்றலுக்காகத் தைக்கவில்லை.

பழந்துணியை ஒட்டுப்போட்டுப் போர்த்தினால் வீட்டுக்குத் தரித்திரம் என்று எங்கள் உறவிலேயே சொன்னார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், வயலில் உழைத்த கறுப்பினப் பெண்கள் நைந்துபோன வேலைத்துணியில் தைத்த போர்வைகளை 2002இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் மாட்டினார்கள். 2006இல் அந்த நாட்டுத் தபால்தலையிலும் வந்தன. எது தரித்திரம் என்று எங்கள் உறவுக்காரர்களே சொல்லட்டும்.

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. மாட்டுங்காவில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடும் விழாவுக்குச் சின்னதாக ஒன்று தைத்துக் கொண்டுபோனேன். துணிக்கடை வைத்திருக்கும் ஓர் உறவுக்காரப் பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, இதே மாதிரி இருபது போட்டுத் தாங்களேன், சும்மாதானே இருக்கீங்க" என்றாள். நான் சும்மா இல்லை. அவள் சொன்ன விலையை ஆஜியிடம் சொன்னபோது, அதில் தினக்கூலிகூடத் தேறாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆஜி விற்கிறார், கறாராக விலை பேசுகிறார், அதுதான் நியாயம். எனக்குப் பென்ஷன் வருகிறது. அந்த அடிமாட்டு விலைக்கு நான் தைத்துக் கொடுத்தால் இதை நம்பிப் பிழைக்கிற பெண்களின் கூலியும் இறங்கும். அதனால் மாட்டேன் என்றேன். என் கணவருக்கே அது திமிராகத் தெரிந்தது. பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய கட்டடத்தை இடித்து உயரமாகக் கட்டினார்கள். இப்போது பால்கனியில் எதையும் உலர்த்தக் கூடாது, கட்டடத்தின் தோற்றம் கெடுகிறதாம். மொட்டை மாடிக்கும் பூட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறும் ஊரில், வெயில் காட்டாத பருத்தி அடுக்கில் பூஞ்சைதான் பிடிக்கும். கட்டடத்தை நிர்வகிக்கும் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. எங்கள் வீட்டுத் துணியை எங்கள் வீட்டு வெயிலில் போட அனுமதி கேட்கும் நிலைமை வந்துவிட்டது. இதைப் படிக்கும் கமிட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் அவரவர் கட்டடத்திலாவது யோசியுங்கள்.

சரி, உங்கள் விஷயம். குழந்தைக்கான அளவில், மூன்றடிக்கு நாலடி, தொடங்குங்கள். கட்டில் அளவுக்குப் பல வாரம் பிடிக்கும், முதலிலேயே அது வேண்டாம். அடுக்குகள் நகராமல் இருக்க முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திவிட்டு, அப்புறம் ஓரத்திலிருந்து உள்ளே தைத்துக்கொண்டு போங்கள். செம்பூர், கோவண்டி பக்கம் இருந்தால் கீழே பதில் போடுங்கள். என்னிடம் சுங்குடித் துண்டுகள் ஒரு மூட்டை இருக்கின்றன, தருகிறேன்.