1988 மாடல் ஜீப் ஒண்ணு ஏற்காட்டுல விலைக்கு வருது, நல்ல மெக்கானிக்கை கூட்டிட்டு போய் பாத்தா போதுமா?

போதாதுங்க.

நான் கூட்டிட்டு போனவன். சும்மா ஆளு இல்ல, செவ்வாப்பேட்டை பக்கம் முப்பது வருஷமா பட்டறை வச்சிருக்கிற மேஸ்திரி, பத்தடி தள்ளி நின்னே எந்த நாசில் அடைச்சிருக்குன்னு சொல்றவரு. அவரும் நானும் ஜோடியாதான் ஏமாந்தோம். அதனாலதான் இந்த கேள்விய பாத்ததும் டீய அப்படியே வச்சிட்டு டைப் அடிக்க உக்காந்துட்டேன்.

எஸ்டேட் வண்டி, மஹிந்திரா எம்.எம். 540, ஒரே ஓனர்னு போட்டிருக்கீங்க. அப்ப காபி தோட்டத்து ஷெட்டுல நிக்கும், மேல பச்சை பெயிண்ட் புதுசா மின்னும், நீங்களும் மனசுக்குள்ள அதுல ஏறி நாகலூர் வரைக்கும் போயிட்டு வந்திருப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். 2019 ஜனவரி, காலைல ஏழு மணி, மலை மேல சரியான பனி. ஷெட்டுக்குள்ள போனா பேனட் மேல ஒரு சாம்பல் பூனை சுருண்டு படுத்து தூங்குது. அழகா இருந்துச்சு, போட்டோ எடுத்தேன், ஸ்டேட்டஸ்லயும் வச்சேன். ஓனர் "சாவிய போடுங்க சார், ஒரே செல்ஃப்ல புடிக்கும்"னாரு. புடிச்சுது. மேஸ்திரி என்னை பாத்து தலையாட்டுனாரு.

அந்த குளிர்ல பூனை ஏன் இரும்பு மேல படுத்திருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல பாருங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டிய ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருக்காங்க. 540ல இருக்கிறது பிரெஞ்சுக்காரன் பெஜோவோட 2112 சிசி டீசல் இஞ்சின், ஹீட்டர் ப்ளக் சூடாகி அப்புறம்தான் புடிக்கணும், அதுவும் கிட்டத்தட்ட 5000 அடி உயரத்துல ஜனவரி மாச காலைல. அதனால வண்டிகிட்ட போனதும் முதல்ல ரேடியேட்டர்ல கைய வைங்க. சூடா இருந்தா டீ குடிச்சிட்டு மூணு மணி நேரம் கழிச்சு வரோம்னு சொல்லிட்டு கிளம்புங்க. ஆறுன இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஆயில் ஊத்துற மூடிய கழட்டி பாருங்க, அங்கேருந்து குப்குப்னு புகை வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, சைலன்சர்ல நீலப் புகைன்னா ஆயில் எரியுது.

ஆனா இஞ்சினை பத்தி நான் ரொம்ப பேச மாட்டேன். இஞ்சினை எல்லாரும் பாப்பாங்க, கெட்டுப்போனாலும் சேலத்துல செஞ்சுக்கலாம். நான் அடி வாங்குனது வேற ரெண்டு எடத்துல.

முதல் அடி அன்னைக்கே விழுந்துச்சு. எஸ்டேட்டுக்குள்ள ஏத்தத்துல ஓட்டி பாத்தோம், நல்லா இழுத்துச்சு, 2,35,000க்கு முடிச்சு பணத்த குடுத்துட்டு கிளம்பியாச்சு. மேஸ்திரி குப்பனூர் வழியா போலாம், கூட்டம் கம்மின்னாரு. நான்தான் கேக்கல, ஜீப் வாங்கிட்டு மெயின் ரோட்டுல 20 கொண்டை ஊசியையும் இறக்காம இருந்தா எப்படின்னு ஒரு கெத்து. பதினெட்டாவது வளைவு தாண்டி செகண்ட் கியர்ல கால எடுத்தேன், டொக்குனு கியர் தானா நியூட்ரலுக்கு வந்துருச்சு. வண்டி பிச்சுகிட்டு ஓடுது. பிரேக்க மிதிச்சு மறுபடி போட்டா அடுத்த வளைவுல மறுபடி டொக். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக், லைனர் நாத்தம் மூக்கை அடைக்குது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது, ரெண்டு கையும் வளையத்த விட முடியாது. கடைசில மேஸ்திரி பக்கத்து சீட்டுல உக்காந்து கியர் கம்பிய ரெண்டு கையாலயும் அமுக்கி புடிச்சுகிட்டே வந்தாரு, அடிவாரம் வரைக்கும். இறங்குனதும் கைய உதறிகிட்டு "ஏத்தத்துல ஒண்ணுமே தெரியலைங்களே"ன்னாரு.

ஏத்தத்துல தெரியாதுங்க. லோடு இருக்கும்போது பல்லு புடிச்சுக்கும், இறக்கத்துல காலை எடுத்து இஞ்சின் வண்டிய புடிக்கும்போதுதான் தேஞ்ச கியர் கழண்டு வரும். அதனால டெஸ்ட் டிரைவ்னா இறக்கம். செகண்ட்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க, மூணு நாலு தடவை பண்ணுங்க. ஓனர் "பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வாங்க"ன்னு சமதளத்த காட்டுவாரு, ஒத்துக்காதீங்க.

ரெண்டாவது அடிதான் நெஜமான அடி. அதே வருஷம் ஐப்பசி மழைல மஞ்சக்குட்டை பக்கம் ஒரு நண்பரோட தோட்டத்துக்கு போனேன். செம்மண் சேறு, வண்டி புதைஞ்சுது. ஃபோர் வீல் எதுக்கு இருக்கு, லீவரை தள்ளுனேன், சூப்பரா விழுந்துச்சு, லோ கியரும் போட்டேன். வண்டி நவுரல. அங்க காபி பழம் பறிச்சுகிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் குத்துகால் வச்சு உக்காந்து கீழ பாத்துட்டு "சார், முன்சக்கரம் ரெண்டும் சும்மா நிக்குதுங்களே"ன்னாரு. கீழ முன்னாடி ஆக்சிலுக்கு போற புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுத்துது, ஆக்சில் ஹவுசிங் இருக்கு, சக்கரத்து நடுவுல ஹப் இருக்கு, எல்லாம் இருக்கு, சக்கரம் மட்டும் சுத்தல. டிராக்டர் வச்சு இழுத்தோம்.

பட்டறைல ஹப்பை கழட்டுனா உள்ள ரெண்டு பக்கமும் சக்கரத்த சுத்துற ஆக்சில் ஷாஃப்டே கிடையாது. ஆயில் வெளிய வரக்கூடாதுன்னு கட்டம் போட்ட பழைய லுங்கித் துணிய கிரீஸ்ல முக்கி திணிச்சு வச்சிருந்தாங்க. மேஸ்திரி அதை ஒரு குச்சியால இழுத்து வெளிய போட்டாரு, யாரும் பேசல. எப்பவோ வேற ஜீப்புக்கு கழட்டிட்டு போயிருக்காங்க. சென்னை புதுப்பேட்டைல அலைஞ்சு பழைய ஷாஃப்ட் ரெண்டு வாங்கி மாட்டி முடிக்க 32,000 ஆச்சு.

மெக்கானிக் அண்ணன்மார் யாராவது இதை படிச்சா கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, நான் மேஸ்திரிய குறை சொல்லல. அவரு லாரி மெக்கானிக், சேலம் சங்ககிரி லாரியெல்லாம் பின்னாடி சக்கரத்துல ஓடுறது, முன்னாடி ஹவுசிங்னு ஒண்ணை அவரு எதுக்கு சந்தேகப்படணும்? தப்பு என்னோடது, ஜீப் தெரிஞ்ச ஆளை தேடாம தெரிஞ்ச ஆளை கூட்டிட்டு போனேன்.

இதுக்கு டெஸ்ட் ரெண்டே நிமிஷம். சமதளத்துல நிறுத்தி, இஞ்சின ஆஃப் பண்ணி, கியர்ல விட்டு ஃபோர் வீல் லீவரை போடுங்க. பின்சக்கரத்துக்கு கல்லு வைங்க. முன்சக்கரம் ஒண்ண மட்டும் ஜாக்கி போட்டு தூக்கி கையால சுத்தி பாருங்க. லேசா ஆடி நின்னுரணும். காத்தாடி மாதிரி சுத்துனா உள்ள ஷாஃப்ட் இல்ல, இல்லன்னா உடைஞ்சிருக்கு. ஹப்ல சக்கரத்த ஷாஃப்டோட சேக்குற லாக் இருக்கிற வண்டின்னா லாக்ல வச்சுட்டு பாருங்க. அடுத்த பக்கமும் இதே மாதிரி. இன்னொண்ணு, ஃபோர் வீல போட்டு காஞ்ச தார் ரோட்டுல வளைச்சு ஓட்டி பாக்காதீங்க, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல இல்லாததால முறுக்கிக்கும், மண்ணு ரோடு ஜல்லி ரோடுல மட்டும்.

சக்கரம் தூக்குனதும் அப்படியே மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, முன்சக்கரம் திரும்புற கீல்ல இருக்கிற கிங்பின் பேரிங் போயிருந்தா டக்டக்னு தெரியும். அந்த ஸ்டீயரிங் 50 கிலோமீட்டர் வேகத்துல ஆட ஆரம்பிச்சா சாமி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ண துணில சுத்தி பாடி பூரா வச்சுப் பாருங்க, ஒட்டாத எடமெல்லாம் பட்டி. பாடி போனா போகட்டும், பின்னாடி ஸ்பிரிங் மாட்டுற எடத்துல சேசிஸ், அதான் அடிச்சட்டம், துரு புடிச்சிருந்தா மட்டும் திரும்பி வந்துருங்க.

பேப்பர் விஷயத்துல நான் தப்பிச்சது வீட்டுக்காரம்மாவால. வாங்குறதுக்கு முந்தின நாள் ராத்திரி போன்ல வண்டி நம்பர போட்டு பாத்துட்டு "ஆர்.சி. ரெண்டு வருஷம் முன்னாடியே முடிஞ்சிருச்சுங்க"ன்னா. அதை வச்சுதான் விலைய குறைச்சோம், ஓனரே ரினியூ பண்ணிக் குடுத்தாரு. அப்ப அதுக்கு ஃபீஸ் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டுன காருக்கு 5000 ஆச்சு, 2025ல 20 வருஷம் தாண்டுனதுக்கு 10,000 ஆக்கிட்டாங்க. உங்க வண்டிக்கு இதுதான் வரும், கிரீன் டேக்ஸ் தனி. சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டையும் துணியால தொடச்சு ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து பாருங்க, இந்த வண்டிங்கள்ல இஞ்சின் மாத்துனது ஏராளம், ஆர்.சி.ல ஏத்தலன்னா எஃப்.சி.ல நிப்பாட்டிருவாங்க. "வின்டேஜ் வண்டி சார்"னு விலை ஏத்துனா சிரிச்சுக்கோங்க. 2021ல வந்த சட்டப்படி 50 வருஷம் ஆனாதான் வின்டேஜ், அப்படி பதிஞ்சா தினமும் ஓட்டவும் முடியாது. 1988 வண்டி வெறும் பழைய வண்டி.

ஆயில் சொட்டுதான்னு கேப்பீங்க. சொட்டும், எல்லா பழைய ஜீப்பும் சொட்டும். அதனால எனக்கு வந்த பிரச்சினை வேற மாதிரி. அஸ்தம்பட்டில எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ரெண்டு சொட்டு விழுந்ததுக்கு அசோசியேஷன்ல டைல்ஸ் காசு 4,000 கேட்டு நோட்டீஸ் ஒட்டுனாங்க, அதுவும் லிஃப்டுக்குள்ள, என் ஃப்ளாட் நம்பரோட. நோட்டீஸ் போட்டவரோட ஏசி தண்ணி ரெண்டு வருஷமா என் கண்ணாடி மேலதான் சொட்டுது, அதுக்கு எவனும் நோட்டீஸ் ஒட்டல. மோட்டார் ரிப்பேர்னு வசூல் பண்ண காசுக்கு இன்னும் கணக்கு வரல. கேட்டா "நீங்க ஜீப்பை எடுங்க முதல்ல"ங்கிறாங்க. சரி விடுங்க.

வித்துட்டீங்களான்னு யாராவது கேப்பீங்க, விக்கல. செகண்ட் கியர் மாத்தியாச்சு, இப்ப 20 வளைவும் ஒத்தைக் கையில இறங்குது.

போற அன்னைக்கு சொல்லாம போங்க, இல்ல ஒன்பது மணின்னு சொல்லிட்டு ஏழு மணிக்கே போய் நில்லுங்க. ஜாக்கிய மட்டும் நீங்களே கொண்டு போயிருங்க. எனக்கு வித்தவரு வண்டில அதுவும் இல்ல.