முடிவு தொங்கி நிற்கிற தொடருக்கு எத்தனை புள்ளி போடுவது?

உயிரைக் கொடுத்து வாசித்த தொடர், கடைசிப் பாகத்தில் பாதிக் கேள்விக்குப் பதில் இல்லை, ஐந்துக்கு எத்தனை போடுவது, மனதை எப்படி ஆற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் முடித்த கையோடு கேட்கிறீர்கள் போல. அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இலக்கியத்துக்குச் சோதினைப் பேப்பர் மாதிரிப் புள்ளியா என்று சண்டைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது எழுத்தாளருக்குப் போடுகிற புள்ளி இல்லை, வாசித்தவர் தனக்கென்று வைத்துக்கொள்கிற கணக்கு.

முழுத் தொடருக்கும் ஒரேயொரு புள்ளி போடுவதுதான் பிழை. கடைசி ஐம்பது பக்கம் தந்த கோபம் முன்னால் உள்ள அத்தனை பக்கத்தையும் விழுங்கிவிடும். ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, பாகத்துக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம் போடுங்கள்: நடை, ஆட்கள், கதைப்போக்கு. கடைசிப் பாகத்துக்கு மட்டும் நாலாவதாக முடிவு. அரைப் புள்ளி வேண்டாம். மூன்றரைக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது. சராசரியும் எடுக்காதீர்கள். 5, 5, 5, 2 என்று நிற்கிற வரியைப் பார்த்தால் எங்கே வலித்தது என்று தெரியும், 4.25 அதை மறைத்துவிடும்.

முடித்த இரவே பென்சிலால் போடுங்கள், ஒரு மாதம் போனபிறகு பேனையால். புள்ளி மாறினால் பழையதை அழிக்க வேண்டாம். எல்லாப் புத்தகமும் நாலிலேயே விழுந்தால் அளவுகோல் பழுது. நன்றாகத் தெரிந்த மூன்று புத்தகத்தை 5, 3, 1 என்று கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி, புதியதை அவற்றோடு ஒப்பிட்டுப் போடுங்கள். அந்த 1 எதென்று வெளியில் சொல்லாமல் இருந்தால் சிநேகிதம் தப்பும்.

மறுகா, முடிவு. தொங்கி நிற்கிற கேள்விகளை வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றும் கடைசியாக எந்த அத்தியாயத்தில் வந்தது என்று குறியுங்கள். சிலதுக்குப் பதில் இருக்கும், நாம்தான் மறந்திருப்போம். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த கதை அல்லவா, தொடராக எழுதப்பட்டதை ஒரே மூச்சில் ஓடி வாசித்தால் நழுவத்தான் செய்யும். கதாநாயகன் வந்தியத்தேவன் இலங்கைக்கு வந்து அனுராதபுரம், தம்புள்ளை என்று சுற்றுகிற இரண்டாம் பாகத்தை விழுந்து விழுந்து வாசிக்கிற நம்மவர்கள், தஞ்சாவூர்ச் சதியாலோசனைகளை வேகமாகத் தள்ளிவிடுவதும் உண்டு. (மட்டக்களப்புப் பக்கம் அந்த மனிசன் எட்டியும் பார்க்கவில்லை என்பது வேறு மனத்தாங்கல்.)

சில கேள்விகளை ஆசிரியரே வேண்டுமென்று திறந்து விட்டிருப்பார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்பது அந்த வகை. வரலாற்றில் தேடினால் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. ஆனால் கொலைக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் நடுவில், இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சி முழுதும் கழிந்திருக்கிறது. ஏன் அவ்வளவு காலம் என்று ஆய்வாளர்கள் இன்னும் மோதுகிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்காக முடிவில் புள்ளி குறைப்பது நியாயமில்லை.

வந்தியத்தேவனும் மற்றவர்களும் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்வி வேறு. வாசகர்கள் அதைக் கேட்டதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். அதை வாசிக்காமல் 2 போட்டிருந்தால் திரும்பப் போடுங்கள். உங்கள் பிரதியில் முடிவுரை இல்லாவிட்டால் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் ஐந்து பாகமும் இலவசம்.

எழுத்தாளர் இறந்தோ, பத்திரிகை நின்றோ அறுந்த தொடருக்கு முடிவுக் கட்டத்தில் பூச்சியம் போடாமல் வெறும் கோடு போடுங்கள். இலங்கைப் பழைய இதழ் என்றால் 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் பிந்திய இதழ்களைத் தேடிப் பார்த்துவிட்டுக் கோட்டைப் போடலாம். மற்றவர்கள் எழுதுகிற தொடர்ச்சியை உடனே தொடாதீர்கள். பேனைப் புள்ளி போடுமுன் வாசித்தால் எது யார் எழுதியது என்று குழம்பி, மூலத்தின் புள்ளியும் கெட்டுவிடும்.

கடைசியாக ஒன்று, கேட்காத கேள்விக்குப் பதில்தான், சொல்லாமல் விடமுடியாது. முடிவு இல்லாத கதைகளில் சிலதுக்கு முடிவைக் கிழித்தது வாசிகசாலைக்கு வருகிற நம்ம ஆட்கள். முதல் பக்கத்தில் கொலைகாரனின் பெயரை எழுதி வைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இரவல் எடுக்கும்போது நூலகரின் மேசையிலேயே கடைசிப் பத்துத் தாளின் பக்க எண்களைப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காமல். குறைந்திருந்தால் அங்கேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது பழி உங்கள் தலையில்.