எல்ஸ்வொர்த்தின் கையெழுத்து ஏன் இல்லை?

வணக்கம். கட்டுரைக்கு ஆலிவர் எல்ஸ்வொர்த்தை எடுத்துக்கொண்டு, அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்திட்ட 39 பேரில் அவர் பெயரைக் காணாமல், ஆள் மாறிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான ஆள்தான், கவலை வேண்டாம். அந்த அரசியலமைப்பை வரைந்த 1787 பிலடெல்பியா மாநாட்டில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரதிநிதி அவர். ஆகஸ்டிலேயே ஊர் திரும்பிவிட்டார்; கையெழுத்து நடந்தது செப்டம்பர் 17. அரசியலமைப்பை எதிர்த்து அவர் கிளம்பிப் போகவில்லை. 1788 ஜனவரியில் அதை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய கனெக்டிகட் ஒப்புதல் மாநாட்டில் அதற்காக வாதாடியவர்களில் முன்னால் நின்றவரே அவர்தான்.

ஆனால் கையெழுத்தோடு நின்றுவிடாதீர்கள். வக்கீல் தொழிலில் முதல் 3 ஆண்டுகளில் அவர் சம்பாதித்தது வெறும் 3 பவுண்டு என்பார்கள். குதிரைக்கு வசதியில்லாமல் ஹார்ட்ஃபோர்டு நீதிமன்றத்துக்கு நடந்தே போய்வந்தாராம். அந்த மனிதர் 1789இல் செனட்டராகி, நீதித்துறைச் சட்டத்தை எழுதியவர்களில் முதன்மையானவரானார். 6 நீதிபதிகளுடன் உச்ச நீதிமன்றம், 13 மாவட்ட நீதிமன்றங்கள் எல்லாம் அதில் வந்தவை. அதன் 25ஆம் பிரிவை அவசியம் படியுங்கள்: மாநில நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சில வழக்குகளில் உச்ச நீதிமன்றம் போக வழிவிட்டது அதுதான். என்னைக் கேட்டால் பாதிக் கட்டுரையை இதற்கே கொடுக்கலாம். அப்புறம், 1796இல் அவரே உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அதற்கு ஒரு பத்தி போதும்.